ஹாவ் இருந்த இடம்

எனக்கு முதலில் வந்த வரன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் தட்டிப்போனது. ஜாதகம் பொருந்தவில்லை, நகை போதவில்லை, பெண் கறுப்பு என்று எத்தனையோ காரணத்துக்கு வரன் தட்டிப்போகும். என்னுடையது 'ஹாவ்' என்ற வார்த்தையால் தட்டிப்போனது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த கடிதத்தை வாசித்து அர்த்தம் சொன்னவளும் நான்தான். அதனால் இதில் யாரையும் திட்ட எனக்கு வழியில்லை. எனக்கு இன்றைக்கும் தீராத எரிச்சல் அதுதான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் மூன்று நான்கு வருஷம் இருந்தது. எனக்குப் பதினாறு வயது. தென்காசியில் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் தேர்டு பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, முடித்திருந்தேன். அப்பாவுக்கு நெல் வயல்கள் உண்டு, கையெழுத்துப் போடுகிற அளவு தமிழ் உண்டு, இங்கிலீஷ் கிடையாது. தாலுகா ஆபீஸ் காகிதம், கோர்ட்டு நோட்டீஸ், மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டு, எது வந்தாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கொஞ்சம் என்ன, நிறையத்தான்.

இங்கிலீஷில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் கால் வழுக்கும். நடந்து முடிந்த காரியத்தை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். 'கேம்' என்றால் வந்தது. 'ஹாஸ் கம்' என்றால் வந்திருக்கிறது. நேற்று, போன மாதம் என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ஹாவ், ஹாஸ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தமிழில் நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'அவர் நேத்தே வந்திருக்காரு' என்று தாராளமாகச் சொல்வோம். அதையே இங்கிலீஷில் போட்டால் சிவப்பு மையில் அடி விழும். எனக்கு நிறைய விழுந்திருக்கிறது.

ஆனால் தென்காசிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. ஆனி பிறந்ததும் குற்றாலம் போய்த் திரும்புகிறவர்களை நிறுத்தி, "தண்ணி வந்திருக்கா?" என்றுதான் கேட்போம். "தண்ணி வந்துதா?" என்று கேட்க மாட்டோம். வந்தது என்றால் முந்தாநாள் வந்து நேற்றே வற்றியிருக்கலாம். வந்திருக்கிறது என்றால் இப்போது விழுகிறது, வண்டி கட்டலாம். இவ்வளவுதான் விஷயம். இதை எங்கள் டீச்சர் இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு அத்தனை சிவப்பு மை ஆகியிருக்காது.

அந்த ஆனியில் தண்ணீர் வந்திருந்தது. என்னைப் பெண் பார்க்க ஏற்பாடானதும் குற்றாலத்தில்தான். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் அது ஒரு சௌகரியமான வழக்கம். இரண்டு வீட்டாரும் குளிக்க வந்த மாதிரி வருவார்கள். தற்செயலாகச் சந்தித்த மாதிரி பேசுவார்கள். பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்காவிட்டால் குளித்துவிட்டுப் போனோம் என்று இருந்துவிடலாம், யாருக்கும் மானம் போகாது. பேரருவிக்குப் போகிற பாதையில் ஒரு வாடகை வீட்டை அப்பா இரண்டு நாளைக்குப் பிடித்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் செங்கோட்டை. ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். மாப்பிள்ளையின் அப்பா அந்த சர்க்காரில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். மளிகைக் கடைக்கு எழுதினாலும் இங்கிலீஷில்தான் எழுதுவார் என்று தரகர் பெருமையாகச் சொல்லியிருந்தார். பேச்சில் பாதி மலையாளம் கலந்து வரும். மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்துவிட்டுச் செங்கோட்டையிலேயே ஆபீஸ் வேலையில் இருந்தார்.

நான் அருவியில் குளித்து, தலை சரியாகக் காயாமல், ஈர முடியை அள்ளி முடித்துக்கொண்டு காபி கொண்டுபோனேன். பெரியவர் அதிரசம் தின்றுகொண்டிருந்தார். நான் டம்ளரை வைத்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் அதற்கு 'நன்றாயிருக்கிறது' என்று அர்த்தம். அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. அவள் காதில் அது 'கொள்ளலாம்' என்று விழுந்தது. பெண் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் என்று அப்போதே அவள் முகம் மலர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு குரங்கு உள்ளே வந்தது. எல்லாரும் எழுந்து கையை வீசி விரட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் தட்டிலிருந்த அதிரசத்தை ஜன்னல் பக்கமாகத் தள்ளிவைத்தார். குரங்கு அதை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனது. "அதுக்கும் பசிக்கும்லா" என்று மட்டும் சொன்னார். காது இரண்டும் கொஞ்சம் பெரிது. வேட்டி ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதை எழுத எனக்கு என்ன வெட்கம்? பிடித்திருந்தது.

அப்புறம் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இங்கிலீஷில் கேட்டார். "விச் கிளாஸ் ஹாவ் யூ பாஸ்டு?" எத்தனையாவது வகுப்பு தேறியிருக்கிறாய் என்று. முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு வீராப்பு. "ஐ ஹாவ் பாஸ்டு தேர்டு பாரம் லாஸ்ட் மார்ச்" என்று சொன்னேன். தேர்டு பாரம் தேறியிருக்கிறேன், போன மார்ச்சில்.

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. லாஸ்ட் மார்ச் என்று காலத்தைச் சொன்ன பிறகு ஹாவ் எங்கிருந்து வந்தது? நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனால் நான் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர்கள் பெண் என்னமாய் இங்கிலீஷ் பேசுகிறாள் என்று பூரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ காது மடல் வரை எரிந்தது.

திரும்பி வருகிற வண்டியில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வழக்கு. பெரியவர் 'கொள்ளலாம்' என்று பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார் என்று அம்மா. அது அதிரசத்துக்குச் சொன்னது, வாயில் அதிரசம் இருக்கும்போது சொன்னதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று அப்பா. சாரலில் நனைந்த மாடுகள் நிதானமாக நடந்தன. நான் மனதுக்குள் 'ஐ பாஸ்டு, ஐ பாஸ்டு' என்று திருத்திக்கொண்டே வந்தேன். வாய்விட்டுச் சொன்ன வாக்கியத்தை யார் திருத்த முடியும்?

எட்டாம் நாள் கடிதம் வந்தது. கனமான காகிதம், நீல மை, அழகான சாய்ந்த எழுத்து. அப்பா அப்போதுதான் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைக்காமலே வந்து என் முன்னால் உட்கார்ந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். நான் முதலில் இங்கிலீஷில் வாசித்து, பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

சௌக்கியமாக வீடு வந்து சேர்ந்தோம். தண்ணீர் நன்றாக இருந்தது. காபி நன்றாக இருந்தது. அதற்கு அடுத்த வரி, 'வீ லைக்டு த கேர்ள்.' அதற்கு அடுத்து, தங்கள் அன்பான பதிலை எதிர்பார்க்கும் இன்னார். அவ்வளவுதான் கடிதம்.

'வீ லைக்டு த கேர்ள்' என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். பெண்ணைப் பிடித்தது. ஹாவ் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சம்மதம் சொல்வதென்றால் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் 'பொண்ணு பிடிச்சிருக்கு' என்பார்கள். 'பிடிச்சுது' என்று எவராவது சொல்வார்களா? வீட்டுக்கு வந்து சேர்ந்தது முடிந்துபோனது. காபி முடிந்துபோனது. அந்த வரிசையிலேயே என்னையும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

அது மட்டும் என்றால் நான்கூட சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருப்பேன். 'வீ' என்பதற்கும் 'லைக்டு' என்பதற்கும் நடுவில் ஒரு வார்த்தை அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். காகிதம் அந்த இடத்தில் மட்டும் பொரபொரவென்று இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாலு எழுத்தின் நிழல் தெரிந்தது. முதல் எழுத்து ஹெச். பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். முதலில் ஹாவ் எழுதி, பிறகு யோசித்து, ஹாவை எடுத்திருக்கிறார்கள். பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டு, வேண்டாம், பிடித்தது என்றே இருக்கட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஹாவ் போடக் கூடாத இடத்தில் போட்ட பெண்ணுக்கு, இருந்த ஹாவையும் சுரண்டி எடுத்துப் பதில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் குனிந்து சிரித்த சிரிப்பு கண்முன்னால் வந்து நின்றது. பி.ஏ. படித்தவருக்கு இங்கிலீஷில் தடுமாறுகிற பெண் எதற்கு?

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இலக்கணம் படிக்காத மனிதர் கேட்ட கேள்வி.

"பிடிச்சிருக்குன்னு போட்டிருக்காகளா, பிடிச்சுதுன்னு போட்டிருக்காகளா? அதைச் சொல்லு முதல்ல."

"பிடிச்சிருக்குன்னு இல்லப்பா. பிடிச்சுதுன்னுதான் இருக்கு. பிடிச்சிருக்குன்னு எழுதிட்டு, பிறவு சுரண்டியிருக்காக."

காகிதத்தை அவர் கையில் கொடுத்து, சுரண்டிய இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அப்பா கட்டை விரலால் தடவினார். நெல்லைத் தேய்த்து உமி எடுத்துப் பார்க்கிற விரல். அவருக்கும் தட்டுப்பட்டது. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா விடவில்லை. பதில் எதிர்பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாரே, அது எதற்கு என்று கேட்டாள். அது எல்லாக் கடிதத்துக்கும் கீழே ஒட்டவைக்கிற வால், வரி கட்டச் சொல்லி வருகிற காகிதத்தில்கூட இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்த மனுசன் எம் முன்னாலயே கொள்ளாம்னு சொன்னாக. வாயால சொன்னதை விட்டுட்டு, நீ இல்லாத எழுத்தை வாசிக்கே."

இல்லாத எழுத்தை வாசிக்கிறேன் என்று சொன்னதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுத்து தெரியாதவர்கள் எழுத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பெற்ற தாயிடம் சொன்ன சொல். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

உள்ளுக்குள் என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்து, ஒற்றைக் காலில் நின்று, ஒரு கார்டு எழுதிப் போடச் செய்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் நானே வாய் திறந்து, எழுதிப் பாருங்கள் அப்பா என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்குப் பறக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? பதினாறு வயதில் மானம் மூக்கு நுனியில் இருக்கும். இலக்கணம் என் பக்கம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டலாம் என்று அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. பெண் வேண்டாம் என்று வந்த கடிதத்தை ஊரெல்லாம் காட்டுவானேன்? சுரண்டின இடத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டார். பதில் போகவில்லை. செங்கோட்டையிலிருந்தும் வேறு கடிதம் வரவில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் அவருக்குப் புனலூரில் பெண் எடுத்ததாகத் தரகர் சொன்னார். அன்று நான் சோறு தின்னவில்லை. வயிற்று வலி என்றேன்.

வரன் தட்டிப்போன பெண் வீட்டில் இருந்தால் பேச்சு வரும் என்பதால், என்னை டீச்சர் டிரெயினிங்குக்குப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டாம் வருஷம் ஒரு நாள், எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த அம்மையார், பெண்கள் எழுதுகிற தப்புகளைக் கரும்பலகையில் எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று, 'ஐ ஹாவ் லைக்டு திஸ் காலேஜ்.' இந்தக் காலேஜ் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை அப்படியே இங்கிலீஷாக்கியிருந்தாள் ஒருத்தி. பிடித்திருக்கிறது என்பதற்கு இங்கிலீஷில் ஹாவ் வராது, தமிழர்கள் மட்டும் செய்கிற தப்பு இது என்று அம்மையார் சொன்னார். வெறும் 'ஐ லைக்' போதும். பிடிப்பது இங்கிலீஷ்காரர்களுக்கு இன்றைக்கு நடக்கிற காரியம்.

என் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதற்கு ஹாவ் வராது. அப்படியானால் அந்தப் பெரியவர் முதலில் எழுதியது தமிழ் மனசோடு எழுதிய தப்பு. அதை யாரோ இங்கிலீஷ் தெரிந்தவர் சுரண்டியிருக்கலாம். பெண் வேண்டாம் என்பதற்காக அல்ல, தப்பு என்பதற்காக. ஆனால் சுரண்டியவர் அரைக்கிணறுதான் தாண்டியிருக்கிறார். ஹாவை எடுத்தவர் கூடவே அந்தக் கடைசி 'டு'வையும் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் 'வீ லைக் த கேர்ள்' என்று நின்றிருக்கும். எந்த முட்டாளுக்கும் விளங்கியிருக்கும், எனக்கும்கூட. இருக்கலாம், இருக்கலாம் என்று இரண்டு மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன். பிறகு பரீட்சை வந்தது. அந்த நினைப்பை ஒதுக்கி வைத்தேன்.

டிரெயினிங் முடிந்து, படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக வந்தேன். அடுத்த வருஷம் அத்தை மகனுக்கு வாக்கப்பட்டேன். இலத்தூர்ப் பக்கம் நெல் வயல், நல்ல சுபாவம், இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. கல்யாணமான பிறகும் டீச்சர் வேலையா என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "வீட்டுல இருந்தா என்னைத் திருத்திக்கிட்டே இருப்பா, அங்கன போயி பிள்ளைகளைத் திருத்தட்டும்" என்று சொன்ன மனிதர். எனக்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அப்படி ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், நல்ல சாரல். முதல் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். ஒருவர் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, ஆறு வயதுப் பெண் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ரேஷன் ஆபீஸில் வேலை, குடும்பத்தோடு தென்காசிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நான் ரிஜிஸ்தரைப் பார்த்தபடியே சொந்த ஊர் எது என்று கேட்டேன். செங்கோட்டை என்றார். நிமிர்ந்து பார்த்தேன். முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. காது அதே காது. பெண்ணுக்கும் அதே காது.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தை நீட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்தது. போன மாதம் தென்காசிக்கு வந்தேன் என்பது முதல் வரி. 'ஐ கேம் டு தென்காசி லாஸ்ட் மன்த்.' நான் வாசித்து முடிக்கும்வரை மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு ஏதும் இருக்கா டீச்சர்?"

"இல்ல. லாஸ்ட் மன்த்னு இருக்கதால ஹாவ் வேண்டாம்."

"லாஸ்ட் மார்ச்சுக்கும் வேண்டாம்" என்றார்.

குனிந்து சிரித்தார். அதே சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை எனக்கு இருபத்துநாலு வயது. அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்று தெரிந்துகொள்கிற வயது. கேலி அன்றைக்கும் இருந்திருக்காது.

அவர் மரியாதையாக, ஒரு கை தூரம் தள்ளி நின்று, ஆபீஸ் விஷயம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க சொல்லிட்டு நாக்கைக் கடிச்சீக. தப்பு விட்டது மட்டும் இல்ல, தப்புன்னு தெரியவும் செய்யுதேன்னு எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துது. கடுதாசியை நீங்கதான் வாசிப்பீகன்னும் தெரியும். அப்பா 'வீ ஹாவ் லைக்டு'ன்னு எழுதிட்டாக. நீங்க பாத்தா சிரிப்பீகன்னு, நான்தான் பிளேடு வச்சுச் சுரண்டினேன்."

அவர் நிறுத்திவிட்டு, வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார்.

"பதில் வரல. உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டோம்."

ஒரு தப்பான ஹாவ் அந்தக் காகிதத்தில் அப்படியே கிடந்திருந்தால், நான் சிரித்திருப்பேன். ஆமாம், சத்தம் போட்டுச் சிரித்திருப்பேன். சிரித்துக்கொண்டே அப்பாவிடம் "பிடிச்சிருக்காம்" என்று சொல்லியிருப்பேன். நான் சிரிக்கக்கூடாது என்று அவர் திருத்தினார். அவர் திருத்தியதை நான் வாசித்தேன். இரண்டு பேரும் படித்தவர்கள்.

"நான் சுரண்டின இடத்தைத்தான் வாசிச்சேன்" என்றேன்.

அவருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். அவருக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. எட்டு வருஷம் முன்னால் தபாலில் போயிருக்க வேண்டிய பதில். அதை நான் கொடுத்துவிட நினைத்தேன். எந்தக் காலத்தில் கொடுப்பது என்பதில் எனக்கு இந்தத் தடவை சந்தேகமே வரவில்லை.

"பிடிச்சிருந்துது" என்றேன்.

இருக்கு அல்ல, இருந்துது. அவரும் பி.ஏ. படித்தவர், அந்த வித்தியாசம் தெரிந்தவர். தலையை மெதுவாக ஆட்டினார். சரி டீச்சர் என்றார். பெண்ணின் தலையைத் தடவி, மத்தியானம் சோறு கொண்டுவருவதாகச் சொல்லி, குடையை விரித்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார். நான் ரிஜிஸ்தரில் பெண்ணின் பெயரை எழுதினேன். தகப்பனார் ஊர் என்ற கட்டத்தில் செங்கோட்டை என்று எழுதினேன்.

இந்த விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொள்ளாம் என்றால் கொள்ளலாம்தான் என்று சாகிறவரை சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு மனசு வரவில்லை. எழுத்து தெரியாதவர்கள் பேசக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் மனசு வரவில்லை. இப்போது இரண்டுக்கும் வழியில்லை.

அன்று வகுப்பில் அந்தப் பெண் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கப்பா போயிட்டாகளா டீச்சர்?"

"போயிட்டாகன்னு சொல்லக்கூடாது. போயிருக்காக. மத்தியானம் வருவாக."

அதற்கு வித்தியாசம் விளங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகையை நிறுத்தியது. எனக்குத்தான் அதற்குப் பிறகு நிற்கவில்லை. பிள்ளைகள் பார்க்காதபடி திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை மறுபடியும் துடைத்தேன்.